கணினி கேள்வி – பதில்: இடம் மாறும் நெடுவரிசைகள்

கேள்வி: பாரிமுனையில் இரும்புச் சாமான் மொத்த விற்பனைக் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் மென்பொருளின் சரக்குப் பட்டியலில், ‘இருப்பு’ நெடுவரிசையைக் கணக்கர் தினமும் மவுஸால் இழுத்துப் பொருளின் பெயருக்கு அருகில் வைக்கிறார். மறுநாள் திறந்தால் அது பழைய இடத்திலேயே நிற்கிறது. இது மென்பொருளின் பழுதா?

பதில்: பழுது என்பதைவிடப் பாதியில் நின்ற வேலை என்பதே பொருந்தும். நெடுவரிசையை நகர்த்த விடுவது ஒரு வேலை. நகர்த்திய வரிசையைச் சேமித்து அடுத்த முறை அப்படியே காட்டுவது இன்னொரு வேலை. விண்டோஸ் மென்பொருள்களில் 2005 முதல் பயன்பட்டு வரும் டேட்டாகிரிட்வியூ என்ற அட்டவணையில் நகர்த்தும் அனுமதி தொடக்கத்தில் மூடியே இருக்கும்; நிரலாளர்தான் அதைத் திறந்துவிட வேண்டும். அவ்வாறு திறந்துவிட்டவர், சேமிப்பதையும் தாமே எழுதியாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மென்பொருளும் அந்த அட்டவணையைப் பயன்படுத்துவதாக இருந்தால், நிரலாளரிடம் இதைச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, அது சேர்க்கப்பட்ட வரிசையைக் குறிப்பது, இழுத்தாலும் மாறாது. மற்றொன்று, டிஸ்ப்ளே இண்டெக்ஸ் எனப்படும், திரையில் அது நிற்கும் இடத்தின் எண். சாளரத்தை மூடும்போது இந்த இரண்டாவது எண்ணைச் சேமித்து, திறக்கும்போது சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணை நோக்கி ஒவ்வொன்றாகத் திரும்ப இட வேண்டும். ஒரு நெடுவரிசைக்கு இடம் கொடுக்கும்போது மற்றவை தள்ளிப்போவதால், முறையின்றி இட்டால் வரிசை குலைந்துவிடும்.

சேமிப்பது நெடுவரிசையின் பெயரோடு சேர்த்து இருப்பது மிக முக்கியம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். குறியீட்டுக்குப் புதிய நெடுவரிசை தேவைப்பட்டதைப் போல, நாளை வேறொன்று நடுவில் நுழைந்தாலும் பெயரைக் கொண்டு சேமித்த வரிசை தாங்கும். வெறும் எண்களாகச் சேமித்தது தாங்காது. கல்லாவில் இருப்பவருக்கும் கிடங்கில் இருப்பவருக்கும் முதலில் பார்க்க வேண்டியவை வேறு வேறு என்பதால், ஒவ்வொருவருடைய வரிசையும் தனித்தனியே சேமிக்கப்பட வேண்டும். பழைய வரிசைக்குத் திரும்ப ஒரு பொத்தானையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிண்டியில் பொறியியல் படிக்கிறேன். ஜாவா நிரல்மொழியின் ஜேடேபிள் என்ற அட்டவணையில் நெடுவரிசையை இழுத்து மாற்றிய பிறகு, தேர்ந்தெடுத்த கட்டத்தின் மதிப்புக்குப் பதில் வேறொரு மதிப்பு வருகிறது. ஏன்?

பதில்: ஜேடேபிளில் நகர்த்தும் அனுமதி தொடக்கத்திலேயே திறந்திருக்கும். தேர்ந்தெடுத்த நெடுவரிசையின் எண்ணை ஜேடேபிளிடம் கேட்டால் அது திரையில் உள்ள இடத்தையே சொல்லும். ஆனால் அட்டவணைக்குப் பின்னால் தரவை வைத்திருக்கும் ‘தரவு மாதிரி’யில் நெடுவரிசைகள் பழைய வரிசையிலேயே இருக்கும். அந்த எண்ணை அப்படியே தரவு மாதிரியிடம் கொடுத்து மதிப்பைக் கேட்பதால்தான் பிழை நேர்கிறது. இடையில் ‘கன்வெர்ட் காலம் இண்டெக்ஸ் டு மாடல்’ (convertColumnIndexToModel) என்ற செயல்கூற்றை அழைத்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்தும் வசதியைச் சேர்த்திருந்தால் கிடைவரிசை எண்ணுக்கும் இதே போன்ற மாற்றம் தேவை. பிழையைத் தவிர்ப்பதற்காக நகர்த்தும் வசதியையே அடைத்துவிடும் வழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். நிரலின் குறைக்குப் பயன்படுத்துபவர் ஏன் வசதியை இழக்க வேண்டும்?

கேள்வி: மயிலாப்பூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை நான். கை நடுக்கத்தால் எதையும் இழுத்து விட முடிவதில்லை. விண்டோஸ் கோப்புப் பட்டியலில் நெடுவரிசையை மாற்ற வேறு வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. விவரப் பட்டியலாகக் காட்டும் தோற்றத்தில் ஏதேனும் ஒரு தலைப்பின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, கீழே உள்ள ‘மோர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் பெட்டியில் நெடுவரிசையின் பெயரைத் தொட்டு, ‘மூவ் அப்’, ‘மூவ் டவுன்’ பொத்தான்களால் நகர்த்தலாம். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டியின் 2023 அக்டோபரில் வெளியான 2.2 பதிப்பும், இழுத்துச் செய்யும் செயலை இழுக்காமலே செய்ய வழி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நீங்கள் பயன்படுத்தும் தளம் எதிலாவது அப்படி வழி இல்லையென்றால், தயங்காமல் அவர்களுக்கு எழுதுங்கள்.