கேளுங்கள், சொல்கிறேன்: பனைமரத்து ரேடியோ

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். ஜான் பீல் என்று ஒரு ரேடியோக்காரர் இறந்து இருபது வருஷம் தாண்டியும் அங்கே அவரைப் பற்றிப் பேசுகிறார்களாம். ராக் பாட்டுத் தட்டைச் சுழலவிட்டவருக்கு இத்தனை மரியாதையா? நம் பக்கம் அப்படி யாராவது உண்டா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உண்டு. ஆனால் அவர் ரேடியோவில் இல்லை. பனைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாடவிட்டார்.

முதலில் உங்கள் மகன் சொன்னவரைப் பார்த்துவிடுவோம். 1967 செப்டம்பரில் பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கியபோதே சேர்ந்தவர் ஜான் பீல். 2004 அக்டோபர் 25-ம் தேதி, விடுமுறைக்குப் போன பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மாரடைப்பில் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார். வயது 65. பெயரே தெரியாத பையன்கள் அனுப்பிய தட்டுகளை ராத்திரி நேரத்தில் போட்டு ஊரறியச் செய்தவர். 1978-ல் வட அயர்லாந்துப் பையன்கள் சிலருடைய பாட்டு ரொம்பப் பிடித்துப்போய், ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார். நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றவேண்டிய தட்டை 33-ல் சுற்றவிட்டு மாட்டிக்கொள்வதிலும் பெயர் போனவர். வீட்டில் சுமார் 26,000 எல்.பி. தட்டுகள், அதாவது நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்த அட்டை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம் ஆள். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் அவருக்குப் பெயர் 'செட்டு அண்ணாச்சி'. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். மைக் செட், டியூப் லைட், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுவார். போன ஐப்பசியில் காலமானார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், 1974 வாக்கில், அவருக்கு எடுபிடியாகப் போனேன். சம்பளம் கிடையாது. கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, போனால் சாப்பாடு, ஒரு முழத்துக்குக் கதம்பம், அப்புறம் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்காருகிற கௌரவம். பிளேயரில் ஒரு நெம்புகோல் இருக்கும்: 16, 33, 45, 78. தட்டை வேட்டி முந்தியால் ஒரு துடை, ஊசி முனையில் ஒரு ஊது, பிறகுதான் வைப்பார். ஊசி குதித்தால் அதன் தலையில் அலுமினியப் பத்துப் பைசா ஒன்றை ஒட்டுவார். நாலணா வைக்க விடமாட்டார். "கனத்தை ஏத்துனா தட்டு செத்துரும்ல" என்பார்.

ஒரு சுடலைமாடன் கொடையில், நள்ளிரவுச் சாமக்கொடைக்கு முன்னால், அவர் காப்பி குடிக்கப் போன நேரம், நான் நெம்புகோலைப் பார்க்காமல் ஒரு 45 தட்டை 33-ல் வைத்துவிட்டேன். சீர்காழி கோவிந்தராஜன் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல வந்தார். பந்தலில் ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள், மாடனே பேசுகிறான் என்று. அண்ணாச்சி ஓடி வந்து என் காதைத் திருகினார். ஆனால் தட்டை உடனே மாற்றவில்லை. கிழவி கும்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தார். ஜான் பீலுக்கு நேர்ந்ததும் இதேதான் என்று ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்தபோது, என் காது எனக்கு நன்றி சொன்னது.

பாட்டுத் தொகுப்பதை அவர் கற்றுக்கொண்டது இலங்கை வானொலியிடம். 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்துவிட்டது, இருந்தாலும் சினிமாப் பாட்டு என்றால் எங்கள் பக்கம் முள் தானாகக் கொழும்புக்குத்தான் திரும்பும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடியே தெருவில் நடந்தால் ஒரு வரிகூட விட்டுப்போகாது, வீட்டுக்கு வீடு ஓடும். அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த அப்துல் ஹமீதின் நிதானமும் கே.எஸ். ராஜாவின் வேகமும் அண்ணாச்சிக்கு அத்துப்படி. ராஜா மாதிரி மூச்சுவிடாமல் பேசுகிறேன் என்று மைக்கைப் பிடித்தார், ஒருமுறை மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் மாற்றிச் சொல்லிவிட்டார். கல்யாணம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார், அதுவும் நல்லதுதான்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் யார் கேட்கிறார்கள் என்று தெரிந்து போடுவதில். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு குனிந்தால் ஆயிரம் முடியும்வரை நிமிரமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரத்தில் துள்ளல் பாட்டாக நாலு வரும். பொழுது சாய்ந்து கட்டு எண்ணுகிற நேரத்தில் மெதுவான பாட்டு. "எண்ணிக்கை தப்பிரக் கூடாதுல்லா" என்பார். ஆடி மாசத்து மேல்காற்றில் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஏணி வைத்து ஏறி, குழாயை மேற்கே திருப்பிக் கட்டிவிட்டு வருவார். காசு கொடுத்தது எங்கள் ஊர், அடுத்த ஊர் எதற்குக் கேட்கவேண்டும் என்ற கணக்கும் இருந்தது.

ஒரு கொடையன்று கீழத்தெருவில் ஒருவர் இறந்துபோனார். கோயில் வரிதாரர்கள் கூடி, கொடையை நிறுத்துவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி ஊசியை எடுத்துவிட்டார். பாட்டின் பாதியில். திடீரென்று ஊரே பேசுகிற சத்தம் கேட்டது.

அவர் இறந்த அன்றைக்கு வீட்டில் சண்டை. செட் போடணும் என்றான் மகன், கூடாது என்றாள் மகள். கடைசியில் ஒரே ஒரு குழாய் கட்டி, எடுக்கிற நேரத்தை மட்டும் சொல்வதென்று முடிவாயிற்று. பக்கத்து ஊரில் இவருக்குப் போட்டியாகத் தொழில் செய்தவர் தன் செட்டோடு வந்தார், வாடகை வாங்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றுவிட்டார். ஒப்பாரி ஒரு நிமிஷம் நின்றது. யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆண்களும் அழுதார்கள்.

கேள்வி: கூம்புக் குழாய் ஒழிந்ததே நல்லது என்கிறேன். பரீட்சை சமயத்தில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?
- ஒரு ஆசிரியர், கடையம்

பதில்: தெரியும், நானும் அதே சத்தத்தில்தான் அல்ஜீப்ரா படித்துத் தோற்றேன். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு விதிகளே இருக்கின்றன, வேண்டியவைதான். இப்போது வருகிற பெட்டி ஸ்பீக்கர் குழாயைவிட மோசம் என்பது என் கட்சி. குழாய் காதைத்தான் துளைக்கும், இது நெஞ்சுக்கூட்டை உலுக்குகிறது.

கேள்வி: போன இதழில் செட்டு அண்ணாச்சி மறைவு பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அவருடைய தட்டுகள் என்ன ஆயின?
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, மகன் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினான். முன்னூறு தட்டு இருக்கும். கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. ஒவ்வொரு உறையிலும் பென்சிலில் எழுத்து: 'சடங்கு', 'விடியக்காலம்', 'பந்தி நடக்கையில்', 'மழை வந்தால்'. ஜான் பீலின் அட்டைகளைப்போலத் தட்டச்சு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு உறையில் மட்டும் 'மேலத்தெருவில் போடாதே' என்று எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தார். மகனுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஓர் அக்காவின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று காலையில் செட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அது. அக்கா இன்னும் இருக்கிறாள், அதனால் பாட்டின் பெயரை எழுதப்போவதில்லை.

பெட்டி இப்போது என் வீட்டுப் பரணில். பிளேயர் சுற்றுகிறது, ஊசிதான் இல்லை. பழைய ஊசி யாரிடமாவது இருந்தால் இதழின் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.