அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லையே!

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோதெரபி கொடுத்தால் உடம்பு தாங்காது, வீட்டில் வைத்தே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “செலவு செய்வது நான். சிகிச்சையை நிறுத்தினால் போலீஸில் புகார் கொடுப்பேன்” என்கிறார். அப்பாவுக்கு நினைவு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் மனம் உடைந்துவிடுவார் என்று நாங்கள் எதையும் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னபடி செய்தால் நான் குற்றவாளி ஆவேனா? கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மருந்தைக் கொடுப்பதால் சட்டச் சிக்கல் வருமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. அண்ணன் என்ன நினைக்கிறார், மருத்துவர் என்ன சொல்கிறார், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இல்லை.

நினைவு தெளிவாக உள்ள, வயது வந்த ஒருவரின் சிகிச்சையை முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. பெற்ற பிள்ளைகளுக்கும் இல்லை, பணம் கட்டுகிறவருக்கும் இல்லை. நம் மருத்துவமனைகளில் சம்மதப் படிவத்தை நோயாளியின் கட்டிலைத் தாண்டி எடுத்துப்போய், வராந்தாவில் நிற்கும் மகனிடமோ மருமகனிடமோ கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. சட்டம் அதை ஏற்கவில்லை. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கருப்பையை அகற்றிவிட்டார்கள். அவர் கண்விழிக்கும்வரை காத்திருக்க முடியாத அவசரம் எதுவும் இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் அப்பா விழித்துக்கொண்டே இருக்கிறார்!

உண்மையைச் சொல்லாமல் அவருடைய சம்மதத்தைப் பெற முடியாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. “உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று மருத்துவரையே கேட்கச் சொல்லுங்கள். “எனக்கு எதுவும் வேண்டாம், என் மகளிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்று அவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். இத்தனை மாதம் கீமோ ஏற்றிக்கொண்டவருக்குத் தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவாவது தெரியாமலா இருக்கும்?

அண்ணனின் மிரட்டலுக்கு வருகிறேன். 2018 மார்ச் 9 அன்று, ‘காமன் காஸ்’ என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறக்கும் உரிமை வாழ்வுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று அறிவித்தது. சிகிச்சை வேண்டாம் என்று தெளிவான மனத்தோடு ஒருவர் மறுப்பது தற்கொலை ஆகாது. அதை மதித்து நடப்பவர்கள் தற்கொலைக்குத் தூண்டியவர்களும் ஆக மாட்டார்கள். உயிரைப் போக்குவதற்காகவே ஊசி போடுவதுதான் குற்றம். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மார்ஃபினும் அப்படியே. வலிக்காக மருத்துவர் எழுதிய அளவில் கொடுப்பது சிகிச்சை. வலியால் துடிப்பவர்களுக்கு இந்த மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மாத்திரையைப் பூட்டி வையுங்கள், மீந்ததைக் கொடுத்த இடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

இன்று அப்பாவால் பேச முடிகிறது. நாளை முடியாமல் போனால்தான் உங்களுக்கும் அண்ணனுக்கும் உண்மையான சண்டை வரும். அதற்கு முன்பே அவர் விரும்பினால், தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதி வைக்கலாம். முதலில் இதற்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கிவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அப்பா கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பது நல்லது. நோட்டரியைத் தேடிப் பாரிமுனைக்கு அவரை அலைக்கழிக்காமல், வீட்டுக்கு வரக்கூடிய நோட்டரி ஒருவரிடம் பேசி வையுங்கள்.

வாசகம் தெளிவாக இருக்கட்டும். “தேவையில்லாத சிகிச்சை வேண்டாம்” என்று எழுதினால் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். “நான் குணமாக வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் எனக்குச் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்த வேண்டாம், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்க முயல வேண்டாம், வலியும் மூச்சுத்திணறலும் குறைய மருந்து தொடர வேண்டும்” என்பது போல எழுதுங்கள். தன்னால் முடியாதபோது யார் தனக்காகப் பேசலாம் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களை அவர் குறிப்பிடலாம். அண்ணன் பெயரையும் சேர்ப்பதா என்பது அப்பாவின் விருப்பம். ஆவணத்தை எழுதிய பிறகும் அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

நினைவு தப்பிய பிறகு உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதென்றால், மருத்துவமனை அமைக்கும் முதல்நிலை மருத்துவக் குழுவும், பிறகு இரண்டாம் நிலைக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

வீட்டுக்கு அழைத்து வரும் நாளில், ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆலோசனை சொன்னதே மருத்துவர்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். நோயின் நிலை, வீட்டில் ஆதரவு சிகிச்சை என்ற பரிந்துரை, நோயாளியின் சம்மதம் மூன்றும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கட்டும். அண்ணன் நாளை எங்கே புகார் கொடுத்தாலும் இந்தத் தாள் பேசும். மருத்துவமனைப் பதிவேடுகளின் நகலையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சை உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுங்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால், இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிட்டு மருத்துவர் சான்று தர வேண்டும். கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவர் அதைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவர். நள்ளிரவில் முன்பின் தெரியாத மருத்துவரின் கதவைத் தட்டும் நிலை வராமல், யார் அந்தச் சான்றைத் தருவார் என்று கேட்டு, அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியில் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடலாம்.