தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி 20 பேருக்கு வீட்டுலயே சமைக்கணும், எப்படி ப்ளான் பண்றது?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீடு, முன்னோருக்குப் படையல் முடிஞ்சு 20 பேர் சாப்பாடுன்னு கேட்டிருக்கீங்க. மெனுவ விடுங்க, மொதல்ல எத்தன மணிக்கு படைக்கணும்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. ஏழு மணின்னா ஆறரைக்கே எல்லாம் அடுப்ப விட்டு எறங்கியிருக்கணும், அதுவும் படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கக் கூடாதுன்ற வீடா இருந்தா உப்ப கை அளவ நம்பிதான் போடணும், வேற வழி இல்ல லா.

ஆட்டெறச்சி எலும்போட 4 கிலோ, அரிசி ரெண்டு, ரெண்டரை கிலோ போதும். லோக்கல் ஆடு வேணும்னா ஒரு வாரம் முன்னாடியே கடையில சொல்லி வைங்க, கடைசி நேரம் போனா கொழுப்பும் எலும்பும்தான் தலையில கட்டுவாங்க. பிரோசன்னா சமைக்கிறதுக்கு மொத நாள் ராத்திரியே ஐஸ்பெட்டி கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க. கறிய மத்தியானமே வேக வெச்சிடலாம், தேங்காப்பால் மட்டும் கடைசியில தீய கொறச்சிட்டு ஊத்துங்க, தளதளன்னு கொதிச்சா திரிஞ்சு எண்ணெ தனியா நிக்கும். சைவக்காரங்களுக்கு சாம்பாரு, ஒரு பொரியல், கரண்டியும் தனி.

தக்காளி, தேங்கா மாதிரி சாமானுக்கு தீபாவளி சமயத்துல இதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் உச்ச விலை வைக்கும், அத பாத்து வாங்குங்க. தாத்தாவுக்கு பீரு, சுருட்டு, புது வேட்டின்னு படைக்கிறவங்க அதையும் லிஸ்ட்ல எழுதிடுங்க, சாம்பிராணி போடுற நேரத்துல கடைக்கு ஓடுறவங்க நெறய பேரு.

தோச மாவு மத்தியானமே அரைச்சிடுங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ராத்திரியே பொங்கிடும். காலையில எண்ணெ தேச்சு குளிச்சிட்டு வந்தா தோசைக்கு கறி வேணுமே, அதனால படைச்ச கையோட ஒரு சட்டி எடுத்து ஒளிச்சு வெச்சிடுங்க, ஆறுனதும் ஐஸ்பெட்டிக்குள்ள.