எரிமலையே இல்லாத குமரி மாவட்டத்திலிருந்து எரிமலை ஆய்வுக்குப் போக முடியுமா?

நாகர்கோவிலில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எரிமலைக்குப் பக்கத்தில் நின்று உருகிய பாறையை ஆராய வேண்டும் என்பது என் ஆசை. நம் ஊரில் எரிமலையே கிடையாதே, எங்கே தொடங்குவது?”

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். நிலவியல் படித்துவிட்டு அதையே கல்லூரியில் கற்பிக்கிறேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே நீங்கள் தொடங்கலாம். எரிமலையின் வாயைப் பார்க்க வேண்டுமானால் ஹவாய்க்கும் ஐஸ்லாந்துக்கும் போகத்தான் வேண்டும். பாறை எங்கே, எப்படி உருகத் தொடங்குகிறது என்று பார்க்க நம் மாவட்டம் அந்த ஊர்களைவிட நல்ல இடம். இதை ஊர்ப்பற்றினால் சொல்லவில்லை.

முதலில் நீங்கள் ஆசைப்படும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஹவாயில் 1912-இல் தாமஸ் ஜாகர் நிறுவிய ஆய்வகம் இன்றும் கிலாயுயே எரிமலையைக் கண்காணிக்கிறது. அங்கே ஓடும் லாவாவின் வெப்பம் சுமார் 1150 டிகிரி செல்சியஸ். மாதிரி எடுப்பவர் முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்து, காற்று தன் முதுகில் படும்படி நின்று, சுத்தியலால் ஒரு கவளம் லாவாவை அள்ளி உடனே தண்ணீர் வாளியில் போடுவார். மெதுவாக ஆறவிட்டால் படிகங்கள் வளர்ந்து குழம்பின் சேர்மானமே மாறிவிடும். தண்ணீரில் விழுந்த கணத்தில் அது கண்ணாடியாக உறைந்துவிடுவதால், உருகியிருந்த நிலையில் அதில் என்னென்ன இருந்தனவோ அவை அப்படியே பதிவாகிவிடுகின்றன. பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தி உடுப்புதான் அணிவார்கள். லாவாவைவிட அதிகம் அஞ்ச வேண்டியது வாயுக்களுக்கு. கந்தக டை ஆக்சைடு நுரையீரலை எரிக்கும். கார்பன் டை ஆக்சைடு பள்ளங்களில் தங்கி, மணமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

படங்களில் நாம் பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் எரிமலை ஆய்வில் பெரும்பங்கு இப்படி லாவா ஓரத்தில் நிற்பது அல்ல. நில அதிர்வுக் கருவிகள், நிலம் உப்புவதை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் ஜிபிஎஸ், செயற்கைக்கோள் ரேடார், வாயுக்களின் விகிதம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பதுதான் அந்த வேலை. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடிப்பதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்துப் பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்த முடிந்தது இந்த வேலையால்தான். அதில் பிரான்ஸைச் சேர்ந்த எரிமலை ஆய்வாளர்களான மாரிஸ், காத்யா கிராஃப்ட் தம்பதிக்கும் பங்கு உண்டு. எரிமலை எப்படியெல்லாம் கொல்லும் என்று அவர்கள் எடுத்த காட்சிகள் அங்கே அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டன. பினாட்டுபோவின் பெருவெடிப்பு ஜூன் 15-இல் நடந்தது. அதற்குள் அந்தத் தம்பதி உயிரோடு இல்லை. ஜூன் 3-ஆம் தேதி ஜப்பானின் உன்சென் மலையில் பாய்ந்து வந்த எரிசாம்பல் வெள்ளம் 43 பேரைக் கொன்றது; அவர்களில் இவர்கள் இருவரும் அமெரிக்க ஆய்வாளர் ஹாரி கிளிக்கனும் அடக்கம். 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை திடீரென வெடித்தபோது, வாய்க்குள் இறங்கியிருந்த ஆய்வாளர்களில் ஆறு பேர் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பக்கத்தில் போவதற்குத் தெளிவான கேள்வி ஒன்று கையில் இருக்க வேண்டும். வெறும் ஆசைக்காகப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கேள்வியை உருவாக்கிக்கொள்ளத்தான் குமரி மாவட்டம்.

பூமிக்குள் எங்கும் குழம்புக் கடல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மேலோடும் அதன் கீழுள்ள மான்டிலும் கிட்டத்தட்ட முழுவதும் திடப்பாறைதான். சில இடங்களில், சில காரணங்களால் மட்டும் பாறையின் ஒரு சிறு பங்கு உருகுகிறது. நம் மாவட்டத்துப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒரே பெருங்கண்டமாக ஒட்டிய காலத்தில், சுமார் 20 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து 800 டிகிரிக்கு மேல் வெந்தவை. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரித்துப் போனதால்தான் அந்த ஆழத்தின் மேல் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

அந்த வெப்பத்தில் நடந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டத்திலோ குமரி முனையிலோ கடல் கழுவிவைத்த பாறைகளைக் கவனியுங்கள். கருமையான வரிகளுக்கு நடுவே வெளுத்த கோடுகள் நெளிந்து ஓடும். அவற்றில் சிவந்த கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். கறுப்பு மைக்காவான பயோடைட் தன் கட்டமைப்புக்குள் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்திருக்கும் கனிமம். வெப்பம் ஏறியதும் அது சிதைகிறது. அந்த நீரின் துணையோடு பக்கத்திலுள்ள குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் உருகுகின்றன. உருகியது வெளுத்த கிரானைட் குழம்பாகக் கோடு கோடாகச் சேர்கிறது. பயோடைட்டில் மிஞ்சிய இரும்பும் மக்னீசியமும் கார்னெட்டாகத் திரள்கின்றன. ஆக, அந்த வெளுத்த கோடு ஒரு காலத்தில் உருகிய பாறை. அதிலுள்ள சிவப்பு மணி, உருகல் நடந்ததற்கான சாட்சி. கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொட்டலம் கட்டி விற்கும் வண்ண மணலில் இருக்கும் சிவப்பும் இதே கார்னெட்தான்.

மயிலாடியில் ஒரு முதிய சிற்பி என்னிடம், “மக்களே, இந்த வெள்ளை ஓட்டம் உள்ள கல் உளிக்கு ஒழுங்காக நிற்காது, வேண்டாம்” என்று ஒரு கல்லை ஒதுக்கிக் காட்டினார். அவருக்கு உதவாத அந்தக் கல்தான் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டும். குழம்பு எந்த வழியாகச் சேர்ந்து நகர்ந்தது என்பதை அந்த ஓட்டம் வரைபடம்போலக் காட்டிவிடும்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. குமரி மாவட்டத்துப் பாறைகள், தெற்குக் கேரளத்தின் கோண்டலைட் பட்டையோடு (கோண்டலைட் என்பது ஆழத்தில் வெந்து உருமாறிய, கார்னெட் கொண்ட ஒரு பாறை வகை) தொடர்ச்சியானவை. அந்தப் பட்டையில் எடுத்த கார்னெட்டுகளுக்குள் உருகிய பாறையின் நுண்துளிகள் சிக்கியிருப்பதை இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டோ சேசரே குழுவினர் 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு துளியின் அளவு சில மைக்ரான்கள்தான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரும்பாலான துளிகள் உள்ளேயே படிகமாகிவிட்டன. மிகச் சிறியவை சில இன்னும் கண்ணாடியாகவே இருக்கின்றன! ஹவாயில் வாளித் தண்ணீரில் போட்டு உறையவைக்கிறார்களே, அதே பதிவை இங்கே ஒரு கார்னெட் மணி 55 கோடி ஆண்டுகளாகக் காத்துவைத்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒரு எச்சரிக்கை. இதை வைத்து நம் மாவட்டத்தில் எரிமலை இருந்ததாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் குழம்பு ஆழத்திலேயே உறைந்தது. மேலே எரிமலையாக வெடித்ததற்கு இங்கே சான்று இல்லை. ஹவாயின் லாவா, ஆறினால் கருத்த பாறையாகும் பசால்ட் வகை. நம்முடையது கிரானைட் வகை. தென் மாவட்டங்களில் எப்போதாவது “நிலத்திலிருந்து எரிமலைக் குழம்பு வந்தது” என்று பரபரப்பு கிளம்பும். உயர் அழுத்த மின்சாரம் தரையில் பாய்ந்தாலே மண் உருகிக் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். முதலில் பக்கத்தில் மின்கம்பம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குவாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக உடைத்த குவாரி முகப்பில்தான் இந்தக் கோடுகள் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒரு குன்று முழுவதும் ஜல்லியாக லாரியேறிப் போகும்போது, திரும்பக் கிடைக்காத ஒரு பதிவேடும் போய்விடுகிறது. எனக்கு அது தாங்க முடியாத வருத்தம். இயங்கும் குவாரிக்குள் அனுமதியின்றிப் போகாதீர்கள், வெடி வைப்பார்கள். திற்பரப்பு அருவியின் பாறைப் படுகையும் சிதறால் மலையும் மாணவர்களுக்குப் போதும்.

உயிருள்ள எரிமலை வேண்டுமானால் இந்தியாவுக்கு ஒன்று இருக்கிறது: அந்தமானின் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 140 கிலோமீட்டர் தொலைவு. யாரும் வசிக்காத தீவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்து 1991-இல் மீண்டும் வெடித்தது. அதன் பிறகு விட்டுவிட்டு இயங்குகிறது. 2017 ஜனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் குழு, கப்பலிலிருந்தபடியே அதன் சீற்றத்தைப் பார்த்துப் பதிவு செய்தது. மும்பை ஐஐடியிலும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் அந்தத் தீவின் பாறைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடங்கள் இவை.

படிப்பு: கல்லூரி விண்ணப்பங்களில் ஜியாலஜி என்று தேடுங்கள். நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் உண்டு, சென்னை மாநிலக் கல்லூரியிலும் உண்டு. பி.எஸ்சி. முடித்து ஜாம் என்னும் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்கலாம். இப்போதே ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதும் எண்ணம் இருந்தால் காரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளிலும் பிளஸ் டூ முடித்ததுமே சேரக்கூடிய நிலவியல் படிப்புகள் இருக்கின்றன. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம். வேதியியலையும் இயற்பியலையும் மனப்பாடமாகப் படிக்காமல் புரிந்து படியுங்கள். எரிமலை ஆய்வில் பாதி அதுதான்.

இந்த விடுமுறையில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, அலை அடங்கிய நேரத்தில், வீட்டில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு முட்டம் போங்கள். வெளுத்த கோடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பாறையின் வரிக்கு இணையாக ஓடுகிறதா, குறுக்கே வெட்டுகிறதா, கார்னெட் மணிகள் கோட்டுக்குள் இருக்கின்றனவா, ஓரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, அளவோடு குறிப்பேட்டில் வரையுங்கள். இணையாக ஓடினால் குழம்பு பிறந்த இடத்திலேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வெட்டிக்கொண்டு போனால் அது நகரத் தொடங்கிவிட்டது.