ஆங்கிலத்தில் 'வேரி' என்றால் என்ன? 'கேர்ஃபுல்' என்று சொன்னால் போதாதா?

போதாது. அகராதியில் இரண்டுக்கும் 'எச்சரிக்கையான', 'ஜாக்கிரதையான' என்றுதான் போட்டிருக்கும், அதை நம்பி வாக்கியம் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

டபிள்யூ, ஏ, ஆர், ஒய் என்று எழுதுகிற இந்த வேரியில் ஜாக்கிரதையோடு கொஞ்சம் சந்தேகமும் கலந்திருக்கும். தளும்பத் தளும்பத் தண்ணீர் இருக்கிற டம்ளரைச் சிந்தாமல் தூக்கி வந்தால் அது கேர்ஃபுல், ஏனென்றால் டம்ளர் உங்களை ஏமாற்றப் போவதில்லை. ஆனால் தெருநாய் ஒன்றுக்கு பிஸ்கட் போடுகிறீர்கள், அது கழுத்தை மட்டும் நீட்டி மோந்து பார்க்கிறது, பின்னங்கால் ஓடத் தயாராக இருக்கிறது, கண் பிஸ்கட்டில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. அந்த நாய்தான் வேரி. சூடு கண்ட பூனையும் அப்படித்தான். தமிழில் நெருக்கமாக ஒன்று சொல்லச் சொன்னால் 'உஷார்' என்பேன், 'அவன்கிட்ட உஷாரா இரு' என்கிறோமே அந்த உஷார்.

பின்னால் பெரும்பாலும் 'ஆஃப்' வரும். 'பி வேரி ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்', முன்பின் தெரியாதவர்களிடம் உஷாராக இரு. வினைச்சொல் வந்தால் அதோடு 'இங்' சேரும்: 'ஐ ஆம் வேரி ஆஃப் லெண்டிங் ஹிம் மணி', இதை 'அவனுக்குக் கடன் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது' என்று சொல்வதுதான் சரி, 'எச்சரிக்கையாக இருக்கிறேன்' என்றால் செய்தித்தாள் வாடை அடிக்கும். ஒருவர் மேல் ஒரு கண் வைத்திருப்பதற்கு 'கீப் எ வேரி ஐ ஆன்'. நிதானமாக வண்டி ஓட்டுகிறவரை மட்டும் 'வேரி டிரைவர்' என்று எழுதாதீர்கள், அங்கே கேர்ஃபுல்தான் பொருந்தும். அசந்திருப்பவர் 'அன்வேரி'.

'அவேர்', 'பிவேர்' இரண்டும் இதன் கூடப்பிறந்தவை. 'பி', 'வேர்' என்ற இரண்டு சொல் ஒட்டிப் பிறந்ததுதான் பிவேர். 'பிவேர் ஆஃப் டாக்ஸ்' பலகையிலும் அதே 'ஆஃப்' உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு தொல்லை. தமிழில் இருப்பது ஒரே 'வ' என்பதால் நாம் சொல்வது 'வெரி குட்' வெரி மாதிரியே கேட்கும். உதட்டைக் குவித்து ஆரம்பியுங்கள், பல் உதட்டில் படக்கூடாது.

அதைவிடப் பெரிய தொல்லை 'வியரி'. டபிள்யூவுக்கு அடுத்து ஒரு 'ஈ' நுழைந்தால் சொல்லே வேறு, களைப்பு, சலிப்பு என்று அர்த்தம். அதற்கும் பின்னால் 'ஆஃப்' வரும் என்பதால் தப்பு கண்ணில் படாது, இரண்டுமே சரியான சொல் என்பதால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடாது. நான் மாட்டியது இதில்தான். வாடிக்கையாளர் ஒருவர் பாஸ்வேர்டை மெயிலில் அனுப்பச் சொன்னார். அனுப்பத் தயக்கமாக இருக்கிறது என்று பணிவாகச் சொல்வதாக நினைத்து 'ஐ ஆம் வியரி ஆஃப் செண்டிங் பாஸ்வேர்ட்ஸ்' என்று எழுதிவிட்டேன், அதாவது உங்களுக்கு அனுப்பி அனுப்பி அலுத்துவிட்டது என்று. அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டிருந்தார். மன்னிக்கவும், இனி தொந்தரவு செய்யமாட்டேன் என்று ஒரே வரியில் பதில் வந்தது.