மூன்றாம் நாள் மண்வெட்டி

வணக்கம் சார்,

நான் எட்டாம் வகுப்பு ஆசிரியர். எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டின்போது ஒரு மாணவர் பழமொழி சொல்வது வழக்கம். அதற்காக வாட்ஸ்அப்பில் வந்த 'ஆப்பிரிக்கப் பழமொழிகள்' ஐம்பதை எழுதி வைத்திருக்கிறேன். 'ஒரு பிள்ளையை வளர்க்க ஒரு கிராமமே வேண்டும்' மாதிரியானவை. 'விருந்தாளிக்கு இரண்டு நாள் விருந்து, மூன்றாம் நாள் மண்வெட்டி' என்று ஒன்று இருக்கிறது. நம் 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்'தானே இது? அப்புறம் அனான்சி சிலந்திக் கதைகள். எல்லாரையும் ஏமாற்றியே ஜெயிக்கிறான். இதில் பிள்ளைகளுக்கு என்ன நீதி சொல்வது?

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பட்டியலில் 'ஆப்பிரிக்க' என்பதை அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த மொழி என்று எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் காலியாக நிற்கும். அந்தக் கண்டத்தில் சுமார் 2,000 மொழிகள் உண்டு. 'ஆசியப் பழமொழி' என்று யாராவது நம்மிடம் சொன்னால் சிரிக்க மாட்டோமா? பிள்ளை வளர்ப்பு பற்றிக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் எனக்குத் தெரிந்தது, 'ம்கோனோ ம்மோஜா ஹவுலேயி ம்வானா'. ஒற்றைக் கை பிள்ளை வளர்க்காது. கிராமமெல்லாம் இல்லை, கை மட்டும்தான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மண்வெட்டியும் சுவாஹிலிதான். நம்முடையது விருந்தாளியைக் கிளப்பப் பார்க்கிறது. இது அவனை வயலுக்குக் கூட்டிப்போகிறது. இனி நீயும் வீட்டு ஆள், வா வேலைக்கு என்கிறது. தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே 1962இல் உஜமா, அதாவது ஒரே குடும்பம்போல் சேர்ந்து வாழும் சோஷலிசம், பற்றி எழுதிய கட்டுரையில், பழைய சமூகத்தில் உழைக்காதவர் கிடையாது என்று காட்ட இதைத்தான் எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கொடுக்கும் முன்பே விருந்தாளி தானாகவே மண்வெட்டியைக் கேட்டுவிடுவார் என்றும் சேர்த்துக்கொண்டார். சரி, இதையே பத்து நாளாகத் தங்கியிருக்கும் மைத்துனன் காதில் விழும்படி ஒருவர் திண்ணையிலிருந்து சொன்னால்? அது கிளம்பச் சொல்வதுதான்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பெண்கள் காங்கா என்ற துணியை உடுத்துகிறார்கள். சுற்றிலும் அகலக் கரை, கீழ்ப்பக்கம் ஒரு வரி அச்சிட்டிருக்கும். பல சமயம் அது பழமொழி. பக்கத்து வீட்டுக்காரியோடு மனஸ்தாபமா? வாயைத் திறக்க வேண்டாம். பொருத்தமான வரியுள்ள காங்காவைக் கட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டி ஒரு நடை நடந்தால் போதும். கேட்டால், 'நான் ஒன்றும் சொல்லவில்லையே, துணிதானே' என்று நழுவிவிடலாம். நைஜீரியாவின் யொருபாக்களிடமோ, பெரியவர்கள் முன்னால் இளையவர் பழமொழி சொன்னால் கூடவே மன்னிப்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் எட்டாம் வகுப்புப் பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வதை அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ! யார், யாரிடம், எதற்குச் சொன்னார் என்பதை விட்டுவிட்டுப் பழமொழிக்குப் பொருள் எழுதினால் அது கோனார் நோட்ஸ் ஆகிவிடும். பிள்ளைகளிடம் பழமொழியோடு ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

அனான்சிக்கு வருகிறேன். அவன் கானாவின் அகான் மக்களுடைய சிலந்தி. வானக் கடவுள் நியாமேயிடமிருந்து கதைகளை வாங்க அவன் கொடுக்க வேண்டிய விலையில் ஒரு மலைப்பாம்பும் உண்டு. ஒரு கம்பையும் கொடியையும் எடுத்துக்கொண்டு பாம்பு இருக்கும் பக்கமாகப் போகிறான். 'இது அவனைவிட நீளம்', 'பொய், அவன்தான் நீளம்' என்று தானே இரண்டு குரலில் சண்டை போடுகிறான். பாம்புக்குப் பொறுக்கவில்லை. அளந்துதான் பாரேன் என்று கம்போடு நீட்டிப் படுத்துக்கொள்கிறது. கொடியால் கட்டிவிடுகிறான்.

அவன் எப்போதும் ஜெயிப்பதும் இல்லை. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, ஒளித்து வைக்க மரமேறுகிறான். பானையை வயிற்றில் கட்டியிருப்பதால் ஏறவே முடியவில்லை. கீழே நின்ற மகன், 'முதுகில் கட்டினால் என்னப்பா?' என்கிறான். தன் பானைக்குள் வராத அறிவும் இருக்கிறதே என்ற ஆத்திரத்தில் அனான்சி பானையைப் போட்டு உடைக்கிறான்.

இரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். நீதி என்ன என்று கேட்காதீர்கள். பாம்பு ஏன் போய்ப் படுத்தது என்று கேளுங்கள். அகான் கதைசொல்லிகள், தாங்கள் சொல்லப்போவது உண்மை என்று சொல்லவே வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். நீங்களும் அப்படியே ஆரம்பிக்கலாம். பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.