புகை தள்ளும் பழைய பைக்: எஞ்சின் வேலை பார்க்கலாமா, புதுசு வாங்கலாமா?

14 வருடம் ஓடிய 100 சிசி பைக், புகை தள்ளுகிறது, எஞ்சின் வேலைக்கு 9,000 ரூபாய் கேட்கிறார்கள், தினமும் 30 கிலோமீட்டர் வேலைக்குப் போகணும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 9,000-ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள்.

எனக்கு ஊர் தூத்துக்குடி. உப்பளங்களை ஒட்டிய ரோட்டில்தான் தினமும் வேலைக்குப் போய்வருவேன். 2008-ல் வாங்கிய பைக் 2017-ல் உங்களுடையது மாதிரியே புகை தள்ளியது. சிலிண்டரை போர் போட்டு, பிஸ்டன், ரிங் மாற்ற 6,500 ரூபாய் ஆனது. "இந்தக் காசுல புது வண்டிக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்" என்று வீட்டில் ஒரே பேச்சு. ஆனால் வண்டி அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடியது. கணக்குப் போட்டால் மாதம் 80 ரூபாய்கூட வரவில்லை. எந்த ஈ.எம்.ஐ. அந்த விலைக்கு வரும்?

பிஸ்டன், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், கோன் செட் எல்லாமே தேய்வதற்கென்றே இருப்பவை. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதனால் வண்டி கெட்டுப்போய்விட்டது என்று ஆகாது.

2024-ல் செயின் மாற்றத்தான் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி வீலைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. கீழே விரித்திருந்த பேப்பரில் துரு செதில் செதிலாக விழுந்தது. மூன்றாவது தட்டில் முனை உள்ளேயே போய்விட்டது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெல்டு வைக்கலாம் தம்பி. பிள்ளைய பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறீங்களே, அதான் யோசிக்கேன்."

அன்றோடு அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். எஞ்சின் அப்போதும் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும்.

அதனால் உங்கள் வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, சீட்டைக் கழற்றி, ஸ்டாண்டு மாட்டும் இடம், ஸ்விங் ஆர்ம் சேரும் இடம், ஹேண்டில்பாருக்குக் கீழே சேசிஸ் தொடங்கும் இடம் மூன்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு கெட்டியாக இருந்தால் தயங்காமல் எஞ்சின் வேலை பாருங்கள். அதற்கும் முன்னால் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாக வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான், செலவு ரொம்பக் குறைவு. ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் போயிருக்கும். எஞ்சினைப் பிரிக்கும்போதே பெட்ரோல் ஹோஸையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆர்.சி. தேதியைப் பாருங்கள். 15 வருடம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும், ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும். 2022 ஏப்ரலில் இருந்து பைக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பசுமை வரி தனி. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025-ல் அந்தக் கட்டணத்தை 2,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டிகளுக்கு டெல்லியில் இருக்கும் கெடுபிடிகளைப் பற்றி வாட்ஸாப்பில் வருவதைப் பார்த்துப் பயந்து விற்றுவிடாதீர்கள், அது அங்கே.

இரும்பு போயிருந்தால் புதுசுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த நிலைமையில் பழையதை இன்னொருவர் ஓட்டுவதற்கு விற்காதீர்கள், அவர் பின்னாலும் ஒரு பிள்ளை உட்காரும். நான் உடைக்கத்தான் கொடுத்தேன். சேசிஸ் நம்பர் இருந்த துண்டை மட்டும் வெட்டி வாங்கி, ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துப் பதிவை ரத்து செய்தேன். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அதை விட்டுவிடாதீர்கள்.